நாற்றங்காலும் நடவும்: காக்களூரில் சிறு யந்திரத் தொழில்களை வளர்க்கும் முறை

நெல் நாற்றைப் பறிப்பதற்குரிய பருவத்தைக் குடியானவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பயிரின் வயது எத்தனை மாதமோ அத்தனை வாரம் நாற்று நாற்றங்காலில் இருக்கலாம் என்பது தமிழ்நாட்டில் பரம்பரையாக வழங்கிவரும் கணக்கு. மூன்று மாதப் பயிருக்கு மூன்று வாரம். நான்கு மாதப் பயிருக்கு நான்கு வாரம். அதற்கு மேல் தங்கினால் நாற்று முற்றிப்போகும்; நட்ட பின் நன்றாகத் தூர் கட்டாது; கதிரும் சிறுத்துவிடும். நாற்றங்காலுக்கு எவ்வளவு எருவிட்டிருந்தாலும், எவ்வளவு கருத்தாய் நீர் பாய்ச்சியிருந்தாலும், நடுவதற்கு வயல் தயாராக இல்லையேல் அவ்வளவு பாடும் வீணே.

புதிய தொழில்களின் நிலையும் இத்தகையதே. நூதனமான ஒரு கருவியையோ முறையையோ கண்டுபிடித்துத் தொழில் தொடங்குவோருக்கு முதல் சில ஆண்டுகள் இடமும், ஆலோசனையும், சிறிது மூலதனமும் தந்து ஆதரிக்கும் ஸ்தாபனங்கள் இப்பொழுது பல ஊர்களில் ஏற்பட்டிருக்கின்றன. இவற்றைத் தொழில் வளர்காப்பகங்கள் என்றும், இவற்றில் வளரும் தொழில்களைப் புத்தொழில்கள் என்றும் வழங்குகின்றனர். இவை தொழிலுக்கு அமைந்த நாற்றங்கால்கள். நாற்றங்கால்கள் பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அங்கே வளர்ந்த நாற்றை நடுவதற்கு வயல் எங்கே என்னும் கேள்விக்குப் போதிய விடை இன்னும் ஏற்படவில்லை. உழவுக்கு வேண்டிய கருவிகளைப் பொறுத்தமட்டில் அவ்விடையைத் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் காணக்கூடும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடத்தின் இயல்பு

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இரயில் பாதையில், திருவள்ளூருக்கு முந்தின நிலையம் புட்லூர். இவ்விரண்டிற்கும் அண்மையில் உள்ளது காக்களூர். ஊருக்குப் பெயர்பெற்ற ஏரி ஒன்று உண்டு. சிறு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய சிட்கோவின் தொழிற்பேட்டையும், ஆவின் பால் பண்ணையும் இங்கே இருக்கின்றன. மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டின் பெரிய தொழில் வளாகம் இருக்கிறது. பெருந்தொழில்களுக்குக் கும்மிடிப்பூண்டி எனின், சிறு பட்டறைகளுக்குக் காக்களூர் என்று சொல்லத்தக்க விதமாக இம்மாவட்டத்தின் தொழில்கள் அமைந்திருக்கின்றன.

சிறு தொழிலாளருக்கு அரசாங்கமே கொட்டகையும், மின்சாரமும், பாதையும் அமைத்துத் தருவது இந்நாட்டிற்குப் புதிதன்று. சென்னைக் கிண்டியில் தொழிற்பேட்டை 1958-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அதன் அனுகூலத்தைக் கண்டு பல ஊர்களிலும் பேட்டைகள் எழுந்தன. 1970-ம் வருஷத்தில் சிட்கோ ஸ்தாபிக்கப்பட்டு அவற்றின் நிர்வாகத்தை ஏற்றது. தொழில் வளர்காப்பகம் என்னும் பெயர் இங்கே வழங்குவதற்கு நெடுநாள் முன்னரே, அதன் வேலையில் ஒரு பகுதியைத் தொழிற்பேட்டைகள் செய்துவந்தன என்பதை மறத்தலாகாது.

காக்களூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. புட்லூரை அடுத்த நிலையம் செவ்வாப்பேட்டை ரோடு. அதன் அருகே திரூரில் 1942-ம் வருஷம் முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் நடந்துவருகிறது; வேளாண்மை அறிவியல் நிலையமும் அங்கேயே இருக்கிறது. ஆகவே ஒரு பக்கம் லேத்தும் பற்றவைப்புச் சாதனமும் கொண்ட பட்டறைகள். மறுபக்கம் நெல்லின் குணங்களை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் நிலையம். இரண்டுக்கும் இடையே உழவர்களின் வயல்கள். இம்மூன்றும் சில மைல் தூரத்திற்குள் ஒருங்கே அமைவது எளிதன்று.

ஒரு விதையின் பிரயாணம்

திரூர் நிலையத்தின் சரித்திரத்திலிருந்து ஓர் உதாரணத்தைக் கவனிப்பது பயன் தரும். ஜி.ஈ.பி. 24 என்னும் பெயர்பெற்ற நெல்லையும் கோ 18 என்னும் நெல்லையும் ஒட்டுச்சேர்த்து உண்டாக்கிய டி.கே.எம். 6 என்னும் ரகம் 1952-ம் வருஷத்தில் வெளியிடப்பட்டது. திரூர்குப்பம் என்னும் ஊர்ப்பெயரின் எழுத்துக்களே அந்த ரகத்தின் பெயராயின. தண்டுத் துளைப்பான் பூச்சியை ஓரளவு தாங்கும் சக்தி இந்நெல்லுக்கு இயற்கையாகவே இருந்தது.

பிலிப்பைன்ஸ் தேசத்து லாஸ் பானோஸில் 1960-ம் வருஷத்தில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. 1966-ல் அங்கிருந்து வந்த ஐ.ஆர். 8 மிகுந்த மகசூல் தந்ததாயினும், அரிசி தடித்தது. பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் எளிதில் இரையாவது. இக்குறைகளைப் போக்க முற்பட்ட அந்நிலையத்தார் திரூர் நெல்லை நாடினர். டி.கே.எம். 6-ஐ ஒரு பெற்றோராகக் கொண்டு அவர்கள் உண்டாக்கிய ஐ.ஆர். 20 என்னும் சன்ன ரகம் 1969-ல் வெளிவந்தது. பின்பு அது தமிழ்நாட்டிற்கே திரும்பிவந்து, பல்லாண்டுகள் உழவர்களின் வயல்களில் நிலைபெற்றிருந்தது. செவ்வாப்பேட்டை அருகே பிறந்த குணம் கடல் கடந்து சென்று, வேறு உருவம் பெற்று, பிறந்த மண்ணுக்கே மீண்டது.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. ஒரு புதிய விதை நிபுணரின் கையிலிருந்து உழவனின் கைக்கு வருவதற்கு ஒழுங்கான படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. நிலையத்திலேயே சில பருவங்கள் பரீட்சை, பிறகு பல ஊர்களில், பலவகை மண்ணில், குடியானவர்களின் சொந்த நிலத்தில் ஒத்துப்பார்த்தல், வெளியீடு, கரு விதை, வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்னும் முறைப்படி பெருக்கம், 1966-ம் வருஷத்து விதைச் சட்டத்தின்படி தரக் கட்டுப்பாடு, செயல் விளக்கத் திடல், கடைசியாக, விதைக் கிரயத்தில் உதவித் தொகை. ஒவ்வொரு படிக்கும் பொறுப்பாளர் உண்டு. செலவு பொதுப் பணத்திலிருந்து செய்யப்படுகிறது. ஒட்டுச்சேர்த்த எத்தனையோ வகைகளில் மிகச் சிலவே வெளியீட்டுக்கு வருகின்றன. மற்றவற்றுக்காக நிபுணர் எவரும் தம் வீட்டை அடகு வைப்பதில்லை.

கருவிக்கு அத்தகைய வழி இல்லை

இனி, ஒரு புதிய கருவியின் நிலையைப் பார்க்கலாம். வரிசை நடவுக்கேற்ற களையெடுக்கும் யந்திரம் ஒன்றைச் சிறு பட்டறைக்காரர் ஒருவர் உருவாக்குவதாகக் கொள்ளலாம். முதல் மாதிரியைப் பட்டறை முற்றத்தில் ஓட்டிப் பார்க்கும்போது அது ஒழுங்காகவே ஓடும். வயலில் இறக்கியவுடன் களிமண் பற்களில் அப்பிக்கொள்ளும். சேறு பேரிங்குக்குள் புகும். யந்திரத்தின் பாரத்தால் உருளை அமிழும். இவற்றைத் திருத்தி இரண்டாவது மாதிரி செய்து முடிப்பதற்குள் களையெடுக்கும் பருவம் கடந்துவிடும். அடுத்த பருவம் வரும்வரை கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கு விளங்கும்பொருட்டுச் சில தொகைகளைக் கற்பனையாகக் கொள்ளலாம். மாதிரி ஒன்றுக்கு 60,000 ரூபாய் வீதம் மூன்று மாதிரிகளுக்குச் செலவு 1,80,000 ரூபாய். அதன்பின் ஒன்று 30,000 ரூபாய் அடக்கத்தில் பத்து யந்திரங்கள் செய்ய 3,00,000 ரூபாய். யந்திரம் ஒன்றுக்கு 3,000 ரூபாய் லாபம் வைத்து விற்றால் மொத்த லாபம் 30,000 ரூபாய். வாங்கியவர் ஆறு மாதம் தாமதித்துப் பணம் கொடுத்தால், அந்த 3,00,000 ரூபாய்க்கு வங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி எனினும் 18,000 ரூபாய் ஆகிவிடும். லாபத்தில் பாதிக்கு மேல் போயிற்று. வெளியில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் 36,000 ரூபாய். லாபம் முழுவதும் போய், கையிலிருந்து 6,000 ரூபாயும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மூன்று மாதிரிகளுக்குச் செலவிட்ட தொகை அப்படியே நிற்கும். கருவி நல்லதாயிருந்தும் தொழில் முறிந்துபோவது இவ்விதமே. யந்திரத்தின் குறையால் மாண்ட பட்டறைகளைவிடப் பருவம் தவறியதாலும் பணம் வராததாலும் மாண்டவை குறைவென்று சொல்வதற்கில்லை.

அன்றியும் வேறொரு சிக்கலும் உண்டு. 2014-15 முதல் நடைபெறும் வேளாண் யந்திரமயமாக்கல் திட்டத்தின்படி, உழவர் யந்திரம் வாங்குவதற்கு உதவித் தொகை கிடைக்கிறது. சிறு, குறு விவசாயிகள், மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்குப் பொதுவாகக் கிரயத்தில் நூற்றுக்கு 50 பங்கும், மற்றவர்களுக்கு 40 பங்கும், குறிப்பிட்ட உச்சவரம்புக்கு உட்பட்டு அளிக்கப்படும். ஆயின் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் சோதித்துச் சான்று பெற்ற யந்திரத்துக்கே இவ்வுதவி உண்டு. இந்நிபந்தனை நியாயமானதே, தரமற்ற யந்திரம் உழவன் தலையில் விழாமல் காப்பது அது. எனினும் சிறு பட்டறைக்காரர் ஒரு சுழலில் அகப்பட்டுக்கொள்கிறார். சான்றில்லாவிடில் உதவித் தொகை இல்லை. உதவித் தொகை இல்லாவிடில் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாவிடில் சான்று பெறுவதற்குரிய செலவுக்குப் பணம் இல்லை.

வளர்காப்பகம் தோன்றிய கதை

இத்தகைய துன்பங்களுக்குப் பரிகாரமாக எழுந்ததே வளர்காப்பகம். அதன் பிறப்பும் உழவோடு தொடர்புடையதென்பது வியப்புக்குரிய செய்தி. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து பட்டேவியா நகரில், மாஸி-ஹாரிஸ் என்னும் பெயர்பெற்ற உழவு யந்திரக் கம்பெனியின் பெருந்தொழிற்சாலை மூடப்பட்டது. ஊரில் பலர் வேலையிழந்தனர். மான்குஸோ குடும்பத்தார் அக்கட்டடத்தை வாங்கினர். அவ்வளவு பெரிய இடத்தை முழுமையாக எடுத்துக்கொள்ள ஒரே கம்பெனி முன்வராமையால், ஜோஸப் மான்குஸோ அதைப் பல பகுதிகளாகப் பிரித்து, 1959-ம் வருஷத்தில் சிறு தொழிலாளருக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார். அவர்களுக்குக் கணக்கிலும் கடன் வசதியிலும் உதவி செய்தார். குடியிருந்தோருள் கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனியும் ஒன்று. குஞ்சு பொரிக்கும் யந்திரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் இன்குபேட்டர் என்னும் பெயரையே அவர் வேடிக்கையாகத் தம் கட்டடத்திற்கும் சொல்லலானார். அதுவே உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞான தொழில்நுட்ப இலாகா 1982-ல் இதற்கென ஒரு வாரியத்தை ஏற்படுத்திற்று. தமிழ்நாட்டில் 1986-ம் வருஷத்திலேயே திருச்சிராப்பள்ளி வட்டாரப் பொறியியற் கல்லூரியை ஒட்டி டிரெக்-ஸ்டெப் என்னும் தொழில் முனைவோர் பூங்கா ஏற்பட்டது. இந்தியாவில் முதன்முதல் எழுந்தவற்றுள் அதுவும் ஒன்று. கிராமப் புதுமைத் தொழில்களுக்கென 2001-ல் வில்க்ரோ என்னும் ஸ்தாபனம் சென்னையில் தோன்றிற்று. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் இக்ரிசாட் நிலையத்தார் 2003-ல் வேளாண் தொழிலுக்கென்றே ஒரு வளர்காப்பகம் தொடங்கினர். 2006-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் கிராமத் தொழில்நுட்பங்களுக்கான வளர்காப்பகம் ஆரம்பமாயிற்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் வளர்காப்பகம் நடைபெறுகிறது.

ஆகவே நாற்றங்கால்களுக்குக் குறைவில்லை. ஆனால் கட்டடத்தையும் மேசை நாற்காலியையும் மட்டும் கொண்டு உழவுக் கருவித் தொழிலை வளர்த்துவிட இயலாது. கணக்கு எழுதும் மென்பொருளைச் செய்பவர் அறையில் அமர்ந்தே அதைப் பரீட்சிக்கலாம். களையெடுக்கும் யந்திரத்தைப் பரீட்சிக்கச் சேறு வேண்டும், நெற்பயிர் வேண்டும், கைப்பிடியைப் பிடித்து நாள் முழுதும் நடக்கும் ஆளின் தோள் வலிக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். இவை அறைக்குள் கிடைப்பவையல்ல. வயல் கிடைக்காமல் வளர்காப்பகத்திலேயே ஆண்டுக்கணக்காகத் தங்கி, ஒரு பரிசுத் தொகையிலிருந்து மற்றொரு பரிசுத் தொகைக்குத் தாவி வாழும் தொழில், முற்றிப்போன நாற்றை ஒத்தது.

வரைபடத்தைப் பொதுவாக்கிய முன்மாதிரி

விதைக்கு வகுத்த வழியைக் கருவிக்கும் வகுக்கலாம் என்பதற்கு, ஐ.ஆர். 20 பிறந்த அதே லாஸ் பானோஸ் நிலையமே சாட்சி. அமீர் யூ. கான் என்னும் பொறியியல் நிபுணர் அங்கே யந்திரப் பகுதியை நடத்திவந்த காலத்தில், 1970-களில், அச்சுவழிக் கதிரடிக்கும் யந்திரம் ஒன்று உருவாயிற்று. இதில் கதிர், சுழலும் உருளையைச் சுற்றிச் சுற்றி அதன் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும். அதனால் மழைக்காலத்து ஈரக் கதிரையும் அடிக்க முடிந்தது.

நிலையத்தார் இந்த யந்திரத்தின் உரிமையை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்கவில்லை. வரைபடங்களைச் சிறு பட்டறைகளுக்கு இலவசமாக அளித்தனர், செய்முறையையும் சொல்லிக்கொடுத்தனர். பிலிப்பைன்ஸ், தாய்லாந்து முதலிய தேசங்களில் ஊர்ப் பட்டறைக்காரர்கள் தத்தம் நிலத்திற்கும் வழக்கத்திற்கும் ஏற்றவாறு அதைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் செய்து விற்றனர். யந்திரம் பழுதானால் அதே ஊரில் அதைச் செய்தவரே சரிசெய்து கொடுக்க முடிந்தது. அறுவடை நாளில் ஒரு பல்சக்கரம் உடைந்து, மாற்றுப் பல்சக்கரம் தொலைவிலிருந்து வருவதற்காகக் களத்தில் நெல்லை மழைக்குக் காத்துக் கிடக்கும்படி விட்ட அனுபவம் உள்ளவர்கள் இதன் அருமையை நன்கு உணர்வர்.

காக்களூரில் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றைக் கருத்தில் கொண்டு, காக்களூரில் ஒரு வளர்காப்பகம் அமையுமாயின் அது கீழ்க்கண்ட ஐந்து காரியங்களையும் இணைத்தே அமைய வேண்டும்.

முதலாவது, பரீட்சை வயல். திருவள்ளூர் வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களிலும் நெல் பயிராகிறது. சித்திரை வைகாசியில் தொடங்குவது சொர்ணவாரி. ஆவணி ஒட்டித் தொடங்குவது சம்பா. மார்கழி தை மாதங்களில் தொடங்குவது நவரை. ஒரு போகமே உள்ள ஊரில் கருவியைத் திருத்திவிட்டு ஓராண்டு காத்திருக்க வேண்டும். இங்கேயோ, நவரையில் கண்ட குற்றத்தைத் திருத்திச் சொர்ணவாரியில் மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம். சம்பாவில் மூன்றாம் முறையும் பார்க்கலாம். மூன்றாண்டு வேலை ஓராண்டில் முடியும். இது இவ்வட்டாரத்துக்கு இயற்கை அளித்த அனுகூலம். திரூர் நிலையத்திலும் அதைச் சூழ்ந்த குடியானவர் நிலங்களிலும் கருவிப் பரீட்சைக்கெனச் சில வயல்களை ஒதுக்கி, ஓட்டிய நேரம், எரிபொருள், மிதிபட்ட பயிர், ஆளின் களைப்பு ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பொதுப் பட்டறை. உலோகத்தை நுட்பமாக வெட்டும் யந்திரமும், அளவு பார்க்கும் கருவிகளும் விலை மிக்கவை. தனியொருவர் வாங்கினால் பெரும்பாலான நாட்கள் சும்மா கிடக்கும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து அனைவரும் பயன்படுத்தும்படி வைத்தால் மூலதனம் மிச்சமாகும். பேட்டையில் ஏற்கெனவே உள்ள பட்டறைகளின் ஓய்வு நேரத்தையும் இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, பரிசோதனைச் செலவு. வயல் பரீட்சையில் தேறிய கருவிக்குச் சான்று பெறும் செலவை வளர்காப்பகமே ஏற்று, விற்பனை தொடங்கிய பின் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறலாம். முன்கூறிய சுழல் இதனால் அறுபடும்.

நான்காவது, முதற் கொள்வோர். பால் கறப்போர்க்கு நாள்தோறும் கொள்வதற்கு ஒரு சங்கம் இருப்பதனாலேயே கறவை மாடு குடும்பத்தைக் காக்கும் சொத்தாகிறது. கருவிக்கும் அத்தகைய நிச்சயம் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், வாடகைக்கு யந்திரம் விடும் மையங்களும் முதல் பத்து, இருபது யந்திரங்களை வாங்கிப் பலர் கையில் ஓடவிட்டால், கருவியின் புகழ் வாய்வழியே பரவும். ஓர் உழவர் தனியாகத் துணிந்து வாங்கி நஷ்டமடையும் அபாயமும் நீங்கும்.

ஐந்தாவது, காலத்தில் பணம். 2006-ம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தின்படி, குறு, சிறு தொழிலாளரிடம் சரக்கு வாங்கியவர் 45 நாட்களுக்குள் கிரயத்தைச் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வீதத்தில், மாதந்தோறும் முதலோடு சேரும் கூட்டு வட்டி கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, அவ்வாறு காலத்தில் செலுத்தாத தொகையை, செலுத்தும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்னும் விதியும் அமலில் இருக்கிறது. சட்டம் இருந்தும், கொள்வோரைப் பகைத்துக்கொள்ள அஞ்சிப் பலர் முறையிடுவதில்லை. வளர்காப்பகமே தன் தொழிலாளர் சார்பில் பாக்கியை வசூலிக்கும் பொறுப்பை ஏற்றால் இவ்வச்சம் நீங்கும்.

தற்போது கிடைக்கும் உதவிகள்

இத்தகைய வளர்காப்பகம் ஏற்படும் வரை தொழில் தொடங்க விரும்புவோர் சும்மா இருக்க வேண்டுவதில்லை. முதற்கண் உத்யம் என்னும் பதிவைச் செய்துகொள்ளுதல் நலம், அது இலவசம், மேற்சொன்ன 45 நாள் பாதுகாப்புக்கும் அது துணை செய்யும். பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், 50 இலட்சம் ரூபாய் வரையிலான உற்பத்தித் தொழிலுக்கு, இடத்தையும் வகுப்பையும் பொறுத்து நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை மானியம் உண்டு. நீட்ஸ் என்னும் தமிழ்நாட்டுத் திட்டத்தில் மூலதனத்தில் நூற்றுக்கு 25 பங்கு மானியமும், கடன் வட்டியில் நூற்றுக்கு 3 குறைப்பும் கிடைக்கும். அண்ணல் அம்பேத்கர் பெயரால் 2023-ல் ஏற்பட்ட திட்டத்தில் ஆதிதிராவிட, பழங்குடித் தொழில் முனைவோருக்கு நூற்றுக்கு 35 பங்கு மானியம் அளிக்கப்படுகிறது. இவற்றின் விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம்.

வேளாண் புத்தொழில்களுக்கென்றே 2018-19-ல் தொடங்கிய மத்திய அரசாங்கத் திட்டத்தில், யோசனை நிலையிலுள்ள தொழிலுக்கு 5 இலட்சம் ரூபாய் வரையிலும், நடைமுறைக்கு வந்த தொழிலுக்கு 25 இலட்சம் ரூபாய் வரையிலும் நிதி உதவி வகுக்கப்பட்டது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இத்திட்டத்தின் வளர்காப்பகங்களுள் ஒன்று. ஸ்டார்ட்அப் டிஎன் என்னும் தமிழ்நாட்டுப் புத்தொழில் இயக்கத்தார் டான்சீட் என்னும் ஆதார நிதியை வழங்கிவருகின்றனர்.

ஆட்சேபங்களும் சமாதானமும்

தொழிலைப் பற்றிப் பேசும்போது இம்மாவட்டத்துக் குடியானவர்களுக்கு மனக்கசப்பு எழுவது இயல்பே. விளைநிலங்கள் தொழிற்சாலைகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவருவதை அவர்கள் கண்ணெதிரே காண்கின்றனர். கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய்கண்டிகையில் சிப்காட் வளாகம் எழுந்தபோது, ஆடு மாடுகள் மேயும் நிலம் போகிறதென்று கிராமத்தார் எதிர்த்து நின்றதும் நினைவிலிருக்கிறது. தொழில் நிலத்தைக் கேட்கிறது, நீரைக் கேட்கிறது, பிள்ளைகளையும் அழைத்துக்கொள்கிறது, உழவுக்கு அது திருப்பித் தந்தது என்ன என்னும் கேள்வி நியாயமானதே. அதற்குச் சொற்களால் விடை சொல்ல முடியாது. உழவனின் வேலையை எளிதாக்கும் கருவியொன்று அவனருகிலேயே செய்யப்பட்டு, அவன் ஊரிலேயே பழுதுபார்க்கப்பட்டு, அவன் பிள்ளைக்கு அங்கேயே வேலையும் தருமாயின், அதுவே விடையாகும். புதிய நிலம் ஏதும் எடுக்காமல், இருக்கும் பேட்டையையும் இருக்கும் நிலையத்தையும் இணைத்தே இதைச் செய்ய இயலும் என்பது இங்கே முக்கியமாகக் கவனிக்கத்தக்கது.

வேறு சிலர், பொதுப் பணத்தைச் செலவிட்டும் இத்தகைய தொழில்களில் பல தோற்றுவிடுமே என்று கேட்கலாம். தோற்கும், அதில் சந்தேகமில்லை. டி.கே.எம். 6 பிறந்த திரூரில், அதற்கு முன்னும் பின்னும் ஒட்டுச்சேர்த்துக் கழித்துவிட்ட வகைகள் எத்தனையோ. அவற்றுக்கான செலவை எவரும் நஷ்டமென்று எழுதுவதில்லை. தேறாதவற்றைச் சீக்கிரமாகவும் சிக்கனமாகவும் கண்டு விலக்குவதே பரீட்சையின் பயன். தேறாத கருவியைப் பரீட்சை வயலிலேயே கண்டுகொண்டால் இழப்பு ஆயிரங்களோடு நிற்கும். உழவர் பலர் வாங்கிய பின் கண்டால் இலட்சங்களாகும்.

குடியானவர்கள் செய்ய வேண்டுவது

இதில் குடியானவர்களின் பங்கு சிறிதன்று. கால் ஏக்கர் நிலத்தைப் பரீட்சைக்கு விடுவதும், கருவியை ஓட்டிப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்வதும் அவர்களால் ஆகும் பேருதவி. பட்டறைக்காரரின் மனம் நோகுமென்று குற்றத்தை மறைப்பது அவருக்கு நன்மையாகாது. கைப்பிடி உயரமாயிருந்தால் உயரமென்றும், பெண்கள் தூக்க முடியாத பாரமாயிருந்தால் பாரமென்றும் சொல்ல வேண்டும். களையெடுப்பும் நடவும் பெரும்பாலும் பெண்களின் வேலையாயிருக்க, கருவியின் பரீட்சைக்கு ஆண்களையே அழைப்பது பெருந்தவறு. வாங்கிய கருவிக்குரிய பணத்தைக் காலத்தில் கொடுப்பதும் அவ்வாறே ஒரு கடமை. நெல் கொள்முதல் பணம் தாமதித்தால் தமக்கு நேரும் இன்னலை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாற்றங்காலைக் கண்டு நிலத்தின் விளைவை எவரும் அளப்பதில்லை. களத்தில் குவிந்த நெல்லைக் கண்டே அளப்பர். வளர்காப்பகத்தையும் அங்கே தொடங்கிய தொழில்களின் தொகையைக் கொண்டு அளத்தல் போதாது. அங்கிருந்து வெளியேறி, சொந்தக் கொட்டகையில் நிலைத்து, ஐந்தாண்டுக்குப் பின்னும் பழுதுபார்த்துத் தரும் பட்டறைகள் எத்தனை என்பதே சரியான அளவு. காக்களூரில் பட்டறை இருக்கிறது. திரூரில் வயல் இருக்கிறது. இடையே ஆண்டில் மூன்று பட்டமும் சேறு கலக்கும் உழவர் இருக்கின்றனர். நாற்று முற்றுவதற்கு முன்னே இம்மூன்றையும் சேர்த்து வைப்பதே இனிச் செய்ய வேண்டிய வேலை.